உருவக் கலையும் அடைமொழியும்
போத்துக்கேயம், ஸ்பானியம் ஆகிய இரு மொழிகளின் வழக்குப் பற்றிய ஓர் ஆய்வு

ஒரு மொழியின் பெயர்ச்சொற்களை நோக்குமிடத்து, அம்மொழி பேசும் மக்கள் எவ்வெப் பொருள்களைக் கையாண்டனர் என்பது புலனாகும். அதன் அடைமொழிகளை நோக்குமிடத்து, அப்பொருள்களை அவர்கள் எவ்வாறு மதித்தனர் என்பது புலனாகும். பெயர் பொருளைச் சுட்டுவது. அடை அப்பொருள்மேற் செல்லும் தீர்ப்பை உணர்த்துவது.

போத்துக்கேய மொழியினின்று ஈழத்துத் தமிழ் வழக்கிற் புகுந்த கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து, குசினி முதலியன யாவும் பெயர்ச்சொற்களே. சிங்கள மொழியிற் படத்தைக் குறிக்கும் 'பின்தூரய' என்பதும், தூரிகையைக் குறிக்கும் 'பின்சலய' என்பதும் முறையே 'பிந்தூரா', 'பின்செல்' என்னும் போத்துக்கேயப் பெயர்களின் வழிவந்தவை. கடல் கடந்து வந்தவற்றுட் பெரும்பாலன இத்தகைய பெயர்களே. அம்மக்கள் ஓவியத்தையும் சிற்பத்தையும் எவ்வகை அடைகொடுத்து மதித்தனர் என்பதை அறிய வேண்டின், அம்மொழிகளுக்குள்ளேயே சென்று காணல் வேண்டும். போத்துக்கேயமும் ஸ்பானியமும் இலத்தீனின் வயிற்றுதித்த உடன்பிறப்புக்கள். எனினும், ஒரே சொல்லை இரண்டும் ஒரே பொருளில் வழங்கும் என்று கொள்வோர் பலவிடத்து இடறுவர். உருவக் கலையை விவரிக்கும் அடைமொழிகளில் இவ்வுண்மை மிகத் தெளிவாய் விளங்கும்.

முதற்கண் அவற்றின் இலக்கணம் நோக்கற்பாலது. தமிழில் 'நல்ல ஓவியன்', 'நல்ல ஓவியங்கள்' என அடைமொழி திரிபின்றி நிற்கும். அவ்விரு மொழிகளிலோ அடைமொழி தான் தழுவும் பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப ஈறு திரியும். உருவங்களைத் தீட்டும் ஓவியன் 'பிந்தோர் பிகுராத்திவோ'; அவன் தீட்டும் ஓவியம் 'பிந்தூரா பிகுராத்திவா'. 'கலை' என்னும் பொருள்படும் 'ஆர்தே' என்ற சொல்லில் ஒரு புதுமை உண்டு. போத்துக்கேயத்தில் அஃது என்றும் பெண்பாற் சொல்; ஆதலின் 'ஆர்தே பிகுராத்திவா' என்பதே அங்கு வழக்கு. ஸ்பானியத்திலோ அது பொதுவாக ஒருமையில் ஆண்பாலாகவும் பன்மையிற் பெண்பாலாகவும் நிற்கும். 'ஆர்தே பிகுராத்திவோ' என ஒருமையிற் கூறுவோர், பன்மையில் 'ஆர்தெஸ் பிகுராத்திவாஸ்' என்பர். ஒன்றை அறிந்தவர் மற்றதையும் அறிந்தவராகார் என்பதற்கு இது முதற் சான்று.

அடை நிற்கும் இடமும் பொருளை வேறுபடுத்தும். வகை பிரித்துக் காட்டும் அடை பெயருக்குப் பின்னரே நிற்கும். கலையின் வகையைக் கூறும் 'பிகுராத்திவோ' அத்தகையது. மதிப்பை உணர்த்தும் அடை பெயருக்கு முன்னரும் வரும். ஸ்பானியத்தில் 'கிரான் பிந்தோர்' என்றால் ஓவியரிற் சிறந்தோன். 'பிந்தோர் கிராந்தே' என்றால் உடலாற் பெரிய ஓவியன். வகை வேறு, மதிப்பு வேறு என்பதைச் சொற்கிடக்கையே உணர்த்திவிடுகின்றது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு, உருவக் கலைக்குரிய அடைகளைச் சில வினாக்களின் வழி வகுத்துக் காணலாம்.

முதல் வினா: படைப்பில் உருவம் உண்டா, இல்லையா என்பது. 'பிகுரா' என்பது உருவம். அதனின்று இரண்டு அடைகள் பிறந்தன. ஒன்று 'பிகுராத்திவோ', மற்றையது 'பிகுராதோ'. முன்னது மனிதர், விலங்கு, மரம், மனை முதலிய காணும் பொருள்களை இனங்காணும்படி காட்டும் கலைக்கு உரியது. பின்னது சொல் தன் நேர்ப்பொருளை விட்டு வேறு பொருள் தருமிடத்து வழங்குவது; 'செந்திதோ பிகுராதோ' என்பது ஸ்பானியத்தில் உருவகப் பொருள். ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் ஒரு சொல்லே சுமத்தலின், அதன் வழியாக மொழிபெயர்ப்போர் உருவ ஓவியத்தை 'உருவக ஓவியம்' எனத் திரித்துவிடும் இடர்ப்பாடு உண்டு. தமிழிலும் 'உரு' என்னும் ஒரே அடியினின்றே உருவமும் உருவகமும் கிளைத்தன. ஆயினும் தமிழும் அவற்றை ஈற்றினாற் பிரித்தே வைத்துள்ளது. மூலமொழியின் ஈற்றை நோக்குவார்க்கு மயக்கம் நேராது.

'பிகுராத்திவோ' கலையின் வகைப்பெயராக ஓங்கி நின்றமைக்கு ஒரு காரணம் உண்டு. ஓவியமென்றால் உருவம் தீட்டுவதே என்றிருந்த காலத்தில், உருவமுடைய ஓவியம் என அடைகொடுத்துப் பிரிக்க வேண்டிய தேவை பெரிதும் எழவில்லை. இருபதாம் நூற்றாண்டில் உருவத்தைத் துறந்த ஓவியம் தோன்றி 'அப்ஸ்திராக்தோ' எனப் பெயர் பெற்ற பின்னரே, மற்றையது தன்னை வேறுபடுத்திக்கொள்ள ஓர் அடையை வேண்டி நின்றது. எதிர்ச்சொல் தோன்றியதனால் வலுப்பெற்ற சொல் இது. பிரேசில் நாட்டின் சான் பவுலோ நகரில் நவீன கலைக்கூடம் 1949 ஆம் ஆண்டிலே தன் தொடக்கக் கண்காட்சிக்கு இட்ட பெயர், 'உருவவாதத்திலிருந்து அரூபவாதத்திற்கு' என்னும் பொருள்பட அமைந்தது. 'இலிருந்து', 'இற்கு' என்னும் இரண்டு வேற்றுமை உருபுகளும் சேர்ந்து, கலை ஒரு திசை நோக்கியே செல்கின்றது என்னும் கருத்தைச் சொல்லாமற் சொல்லின. நாட்டு மக்களின் வாழ்வைத் தீட்டிய தி கவல்கந்தி முதலியோர் அதனை ஏற்றிலர். அடைமொழி அங்கே ஒரு கட்சியின் கொடியாயிற்று.

அக்கட்சிப் பிரிவும் நெடிது நிலைக்கவில்லை. 1961 ஆம் ஆண்டிற் புவனோஸ் அயர்ஸ் நகரத்து இளம் ஓவியர் சிலர் 'ஒத்ரா பிகுராசியோன்', அஃதாவது 'வேறோர் உருவமைப்பு' என்னும் பெயரிற் கண்காட்சி நடத்தினர். உருவம் உண்டு, ஆயினும் அது சிதைந்தும் கலைந்தும் தோன்றும் என்பது அவர்தம் போக்கு. பின்னர்த் திறனாய்வாளர் 'நெயோபிகுராத்திவோ' என்னும் புதிய அடையை வழங்கலாயினர். உருவம், அருவம் என்னும் இரண்டினுக்கும் இடைப்பட்ட நிலைக்கு அம்மொழியாளர் சொல் தேட வேண்டியிருந்தது. சைவ நூல் வழக்கிலோ உருவம், அருவம், அருவுருவம் என மூன்று நிலைகள் தொன்றுதொட்டே பேசப்படுகின்றன. அவை இறைவனின் திருமேனியைப் பற்றியவையேயன்றி ஓவியத்தைப் பற்றியவையல்ல. எனினும், உருவத்திற்கும் அருவத்திற்கும் இடையே ஒரு நிலை உண்டென எண்ணிப் பழகிய மொழிக்கு, இக்கலைப் பகுப்பு அந்நியமாய்த் தோன்றாது.

இரண்டாம் வினா: உருவம் எந்நிலையில் உள்ளது என்பது. இதற்கு ஸ்பானியர் 'யசெந்தே', 'செதெந்தே', 'ஒராந்தே' என்னும் அடைகளை வழங்குவர். கிடக்கின்ற, அமர்ந்திருக்கின்ற, வேண்டுதல் செய்கின்ற என்பன இவற்றின் பொருள். போத்துக்கேயத்தில் முதலாவது 'ஜசெந்தே' என வரும். 'அந்தே', 'எந்தே' என முடியும் இவ்வடைகள் இலத்தீனின் நிகழ்கால எச்சத்திற் பிறந்தவை. ஆதலின் ஆண்பால், பெண்பால் என ஈறு திரியாது நிற்கும். வினையினின்று பிறந்து பெயரைத் தழுவி, பாலால் வேறுபடாமல் நிற்கும் இச்சொற்கள் தமிழின் பெயரெச்சத்தை மிக ஒப்பன. திருமாலின் திருக்கோலங்களை நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் எனப் பெயரெச்சத்தாற் பகுக்கும் தமிழ் மரபை அறிந்தவர்க்கு இவ்வகைப் பகுப்பு எளிதில் விளங்கும்.

போத்துக்கல்லின் அல்கொபாசா மடத்திலுள்ள இரு கல்லறைகள் 'ஜசெந்தே' என்னும் அடையின் ஆற்றலைக் காட்ட வல்லன. 1355 இற் கொலையுண்ட இனேஸ் த கஸ்திரோவும், 1357 முதல் 1367 வரை அரசாண்ட முதலாம் பேதுரோ மன்னனும் அங்கே துயில்கின்றனர். இருவர் உருவங்களும் கல்லறை மூடிகளின்மேற் கிடந்த நிலையிற் செதுக்கப்பட்டுள்ளன. வானவர் தலைமாட்டில் நின்று தாங்குகின்றனர். உயிரோடிருந்தபோது அரசியாக முடிசூட்டப்பெறாத இனேஸ், கல்லில் முடி தாங்கிக் கிடக்கின்றாள். இவ்வுருவங்களை 'இறந்த' என்னும் பொருள்படும் 'மோர்த்தோ' என்னும் அடையாற் குறிப்பதில்லை. 'இறந்த' என்பது முடிவை மொழிவது. 'கிடக்கின்ற' என்பது நிலையைக் காட்டுவது. உயிர்த்தெழுதலை எதிர்நோக்கும் சமயத்தினர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று. ஸ்பெயினிற் கிரெகோரியோ பெர்னாந்தெஸ் (1576–1636) மரத்திற் செதுக்கிய கிறிஸ்துவின் கிடந்த உருவங்களும் 'கிறிஸ்தோ யசெந்தே' என்றே வழங்குகின்றன.

மூன்றாம் வினா: உருவம் மெய்ப்பொருளை ஒத்துள்ளதா என்பது. இங்கே முதன்மை பெறும் சொல் 'நத்துரால்', அஃதாவது இயற்கையானது. மாதிரியை நேரிற் கண்டு தீட்டியதை 'தெல் நத்துரால்' என்று ஸ்பானியரும், 'தோ நத்துரால்' என்று போத்துக்கேயரும் கூறுவர். ஆளின் அளவேயான உருவத்தை 'இயற்கை அளவினது' என்பர். போத்துக்கேய அறிஞரான பிரான்சிஸ்கோ த ஒலாந்தா 1549 இல், இயற்கையினின்று உருவம் எடுத்தலைப் பற்றித் தனியொரு நூலே யாத்தார். உருவப்படக் கலைக்கென்றே ஐரோப்பாவில் எழுந்த முதல் நூலாக அது கருதப்படுகின்றது. ஓவியம் பற்றிய அவருடைய எழுத்துக்கள் 1563 இலேயே ஸ்பானியத்திற் பெயர்க்கப்பட்டன. ஆதலின் இச்சொல் வழக்கு இரு மொழிகளிலும் ஒருங்கே வேரூன்றியது வியப்பன்று.

இயற்கையை ஒத்திருத்தலினும் மேலான ஒரு பாராட்டும் உண்டு. வெலாஸ்கெஸ் என்னும் பேரோவியர் 1650 இல் உரோமாபுரியில், தம்மிடம் அடிமையாயிருந்த ஹுவான் தெ பரேஹா என்பவரின் உருவத்தைத் தீட்டிப் பொதுமக்கள் காண வைத்தார். ஏனையவெல்லாம் ஓவியம், இஃதொன்றே உண்மை எனக் கண்டோர் கூறினரென, பலோமீனோ 1724 இல் எழுதிய ஓவியர் வரலாறு உரைக்கின்றது. அப்பாராட்டில் அடைமொழியே இல்லை என்பது கருதத்தக்கது. 'உண்மையான ஓவியம்' என்று அவர் கூறிற்றிலர். ஓவியத்தையே நீக்கி 'உண்மை' என்றனர். அவ்வாண்டின் இறுதியிலேயே பரேஹா அடிமைத்தளையினின்று விடுதலை பெறுவதற்கான பத்திரத்தைப் பெற்றார். பின்னர்த் தாமும் ஓவியராய் விளங்கினார். அவ்வுருவப்படம் இன்று நியூயோர்க்கின் பெருநகரக் கலைக்கூடத்தில் உள்ளது.

உயிர்த்தன்மையைக் கூறுமிடத்து இவ்விரு மொழிகளும் மற்றொரு நுட்பத்தை உடையன. 'இருத்தல்' என்னும் பொருளில் அவற்றுக்கு 'செர்', 'எஸ்தார்' என இரண்டு வினைகள் உண்டு. முன்னது பண்பையும் பின்னது நிலையையும் உணர்த்தும். 'வீவோ' என்னும் ஒரே அடை முன்னதனோடு வந்தால் துடிப்புள்ளது, கூர்மையுள்ளது எனப் பொருள்படும். பின்னதனோடு வந்தால் உயிரோடுள்ளது எனப் பொருள்படும். துடிப்புள்ள முகம் என்பது ஓவியத்தின் பண்பு. உயிரோடிருக்கின்றது என்பது காண்போரின் வியப்பு. மொழிபெயர்ப்போன் அடையை மட்டும் அகராதியிற் கண்டு வினையை நோக்காது விடுவானாயின், இவ்விரண்டும் ஒன்றாய்விடும்.

நான்காம் வினா: உருவத்தின் மேனியும் நிறமும் எத்தகையன என்பது. ஸ்பெயினின் மரச்சிற்பங்கள் செதுக்கி முடிந்தவுடன் நிறைவு பெறுவதில்லை. சிற்பி செதுக்க, ஓவியன் வண்ணம் தீட்டுவான். 'கார்னே' என்பது தசை. தசைநிறம் ஊட்டிய முகமும் கையும் 'என்கர்னாதோ' எனப்பட்டன. வெலாஸ்கெஸின் ஆசிரியரும் மாமனாருமாகிய பச்சேக்கோ, மொந்தஞேஸ் என்னும் சிற்பியின் உருவங்களுக்கு வண்ணம் தீட்டியவர். மினுமினுப்பான தசைநிறத்தினும் மினுக்கமற்ற தசைநிறமே இயற்கைக்கு அணித்தானது என அவர் கொண்டார். 1649 இல் வெளிவந்த அவருடைய ஓவிய நூல் இதனை விரித்துரைக்கும். ஆடைப் பகுதிக்குப் பொற்றகடு ஒட்டி, அதன்மேல் வண்ணம் பூசி, வண்ணத்தைக் கீறிப் பொன்னை வெளிப்படுத்துவர். சரிகைப் பட்டுப் போலத் தோன்றும் அவ்வேலை 'எஸ்தொபாதோ' எனப்படும். கறி வகையொன்றுக்கும் ஸ்பானியத்தில் இதுவே பெயராதலின், இடமறிந்து பொருள் கொள்ளல் வேண்டும். 'என்கர்னாதோ' என்பது சமய வழக்கில் மனிதவுருக் கொண்ட இறைவனையும் குறிக்கும். போத்துக்கல்லின் அன்றாட வழக்கிலோ அது வெறுமனே 'சிவப்பு' என்று பொருள்படும்.

நிறங்களைக் குறிக்கும் அடைகளே உடன்பிறந்த மொழிகளிடையில் மிகுந்த மயக்கத்தை விளைப்பன. ஸ்பானியத்தில் 'ரோஹோ' என்பது சிவப்பு. அதன் உடன்பிறப்பாகிய போத்துக்கேய 'ரோஷு' என்பதோ ஊதா. போத்துக்கேயர் சிவப்பை 'வெர்மேல்யு' என்பர்; சாயம் தரும் சிறு பூச்சியைக் குறித்த இலத்தீன் சொல்லினின்று அது வந்தது. ஸ்பானியர் ஊதாவை, முசுக்கட்டைப் பழத்தின் பெயரினின்று பிறந்த 'மொராதோ' என்னும் சொல்லாற் குறிப்பர். 'ரூபியோ' என்று ஸ்பானியர் கூறும் தலைமயிர் பொன்னிறத்தது. 'ருய்வு' என்று போத்துக்கேயர் கூறும் தலைமயிர் செந்நிறத்தது. ஒரு சொல்லை ஒலியொப்புமை கருதிப் பெயர்த்தால் ஊதா மேலாடை சிவப்பாகும். செம்மயிர் மங்கை பொன்மயிர் மங்கையாவாள். சமய ஓவியங்களில் ஆடையின் நிறம் கொண்டே உருவத்தை இன்னாரென அறிதல் மரபாதலின், இப்பிழை ஆளையே மாற்றிவிடவும் கூடும்.

ஐந்தாம் வினா: படைப்பு யார் பாணியது, எம்முறையது என்பது. இதற்கு 'எஸ்கோ' என்னும் விகுதி பெரிதும் பயன்படும். 'குரொத்தெஸ்கோ' என்னும் அடை இத்தாலியத்தினின்று வந்தது. உரோமாபுரியில் நீரோ மன்னனின் பொன் மாளிகை மண்மூடிக் கிடந்து, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் வெளிப்பட்டது. நிலத்தடிக் குகை போலிருந்த அறைகளில் பாதி மனிதரும் பாதி கொடியுமான உருவங்கள் காணப்பட்டன. குகையைக் குறிக்கும் 'குரொத்தா' என்னும் சொல்லினின்று இவ்வடை தோன்றிப் பின்னர் விகாரமான எவ்வுருவத்துக்கும் உரியதாயிற்று. 'கோயெஸ்கோ' என்பது கோயாவின் பாணியது எனப் பொருள்படும். ஆயினும் கோயா ஒருவரல்லர், இருவர் எனத்தகும். மத்ரித் நகரத்து மக்களின் வண்ண உடையையும் கேளிக்கையையும் தீட்டிய கோயா ஒருவர். 1819 இன் பின்னர்த் தம் மனைச் சுவர்களிற் பதினான்கு 'கருநிற ஓவியங்களை'த் தீட்டிய கோயா மற்றொருவர். ஆதலின் விழாவுடையும் 'கோயெஸ்கோ' ஆகும். போர்க் கொடுமையும் 'கோயெஸ்கோ' ஆகும். எக்கோயா என்பதை இடமே உணர்த்தல் வேண்டும். வெலாஸ்கெஸுக்கோ 'வெலாஸ்கெஞோ' என வேறு விகுதி வாய்த்தது. மத்ரித் நகரத்தாரை 'மத்ரிலெஞோ' என்பது போல, ஊர்ப்பெயரோடு மிகுதியும் சேரும் விகுதி அது.

இவ்வகைச் சொற்களுள் உலகெங்கும் பரந்தது 'பரோக்கு' என்பதாகும். பதினேழாம் நூற்றாண்டுக் கலைக்கு வழங்கும் இப்பெயர், கோணலான முத்தைக் குறித்த 'பரோக்கு' என்னும் போத்துக்கேயச் சொல்லினின்று வந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. 1563 இற் கோவாவில் அச்சேறிய கார்சியா த ஓர்த்தாவின் நூலில், திரண்டு உருளாத முத்துக்களை இச்சொல் குறிக்கின்றது. மன்னார்க் குடாவின் முத்துக் குளிப்பு அக்காலத்திற் போத்துக்கேயர் கைப்பட்டிருந்தது. அங்கு எடுக்கப்பட்ட முத்துக்களையும் தரம் பிரித்த வணிகரின் வாய்ச்சொல், பின்னர் ஐரோப்பியக் கலை வரலாற்றின் பெருஞ்சொல்லாயிற்று. முதலில் இகழ்ச்சிக் குறிப்பாகவே வழங்கிய அது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு இகழ்ச்சி நீங்கிக் காலப்பெயராய் நின்றது.

இறுதி வினா: படைப்பு நன்றா, தீதா என்பது. ஈண்டே மிகப் பெரிய இடறல் உண்டு. இலத்தீனில் 'தேடித் தெரிந்தெடுத்த' எனப் பொருள்பட்ட சொல் ஸ்பானியத்தில் 'எஸ்கிசித்தோ' என நின்று, மிக நயமானது எனப் பொருள் தரும். அதே சொல் போத்துக்கேயத்தில் 'எஷ்கிசித்து' என நின்று, இக்காலத்தில் விந்தையானது, ஒருமாதிரியானது எனப் பொருள் தரும். மத்ரித் நகரத்தார் ஓர் ஓவியத்தை வாய்நிறையப் புகழ்ந்து கூறும் சொல்லை, லிஸ்பன் நகரத்தார் கேட்டால் அவ்வோவியத்திற் குற்றம் கண்டதாகக் கொள்வர். தேடி எடுத்த பொருள் அரியது. அரிய பொருள் ஒருவர்க்கு உயர்ந்ததாகவும் மற்றொருவர்க்கு வழக்கத்துக்கு மாறானதாகவும் தோன்றியது. ஒரு வேரினின்று புகழும் ஐயமும் கிளைத்த வரலாறு இதுவே. 'கிராசியோஸோ' என்பதும் இவ்வாறே. போத்துக்கேயத்தில் அது நளினமுடையது என்னும் பொருளைப் பேணி நிற்க, ஸ்பானியத்தில் நகைப்பூட்டுவது என்னும் பொருளே மேலோங்கியது. பழைய ஸ்பானிய நாடகங்களிற் கோமாளிப் பாத்திரத்துக்கும் அதுவே பெயர்.

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை பெறப்படும். அடைமொழி ஒரு வினாவுக்கு விடையாகப் பிறப்பது. உருவம் உண்டா, எந்நிலையது, எதனை ஒத்தது, எந்நிறத்தது, யார் பாணியது, எத்தகு மதிப்பினது என்னும் வினாக்கள் எல்லா மக்களுக்கும் பொதுவானவை. விடைகளோ அவ்வம்மக்களின் சமயம், தொழில், வாணிகம், பிணக்கு ஆகியவற்றால் வேறுபட்டன. கல்லறைச் சிற்பியும் முத்து வணிகனும் சாயம் காய்ச்சியோனும் இச்சொற்களிற் பங்குடையர். ஆகவே பிறமொழிக் கலைநூலைத் தமிழிற் பெயர்க்கப் புகுவோர், அடைமொழிக்கு நேர்ச்சொல் தேடுமுன் அது விடையிறுக்கும் வினாவைத் தேடுதல் வேண்டும். அதனினும் முன்னதாக அச்சொல் சுட்டும் ஓவியத்தையோ சிற்பத்தையோ, படியிலாயினும், கண்ணாற் காணுதல் வேண்டும். கண் கண்டதைச் சொல் பின்தொடருமாயின் பிழை அருகும். சொல்லைக் கண் பின்தொடருமாயின் ஊதாவும் சிவப்பாகத் தோன்றும்.